உமியும் சாமியும்

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் போகிறவர்கள், ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையிலும் காட்டுக்குள்ளும் வரிசைகட்டி நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். காது உடைந்தது, கால் சாய்ந்தது, வயிற்றுக்குள் வேப்பங்கன்று முளைத்தது, போன வருஷம் வந்த புதுசு என்று எல்லாம் கலந்து நிற்கும். ராத்திரியில் அய்யனார் இதில் ஏறித்தான் ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பணி ஓய்வு பெறும்வரை அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டுக் காலண்டரில்கூடச் சாமி படம் இருந்ததில்லை.

அய்யனார் வருகிறாரோ இல்லையோ, குதிரை என்னவோ நிற்கிறது. 10 அடி, 15 அடி உயரத்தில், உள்ளே கூடாக, இரும்புக் கம்பி எதுவும் வைக்காமல், சுட்ட மண்ணால் நிற்கிறது. பானைக்கு ஒரு உபயோகம் உண்டு, ஓட்டுக்கு உண்டு, கிணற்று உறைக்கு உண்டு. இரண்டு ஆள் உயரத்தில் யாரும் ஏற முடியாத ஒரு குதிரைக்கு என்ன உபயோகம்? கணக்குப் பார்க்கிற எவனும் அதில் கை வைக்க மாட்டான். கணக்குப் பார்க்காத ஒரு நம்பிக்கை இருந்ததால்தான் ஒருவன் கை வைத்தான். கை வைத்த பிறகு, இவ்வளவு பெரிய மண் உருவம் வெடிக்காமல் நிற்பதற்கான வழியையும் கண்டுபிடித்தான். நம்பிக்கை பொய், குதிரை நிஜம். இந்தப் பொய் இல்லாமல் அந்த நிஜம் வந்திருக்குமா என்பதுதான் என்னை வெகுநாளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

இந்தப் பேச்சை எடுத்தாலே உடனே கணித மேதை ராமானுஜனையும், அவருக்குக் கனவில் சூத்திரம் சொன்னதாகச் சொல்லப்படும் நாமகிரித் தாயாரையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர் லட்சத்தில் ஒருவர், அவரை வைத்து ஊரை அளக்க முடியாது. சாதாரணக் கை எப்படி அசாதாரணமானதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வேளார் வீட்டு வாசல்தான் சரியான இடம்.

எங்கள் பகுதியில் குயவர்களை வேளார் என்பது வழக்கம். பல அய்யனார் கோயில்களில் அவர்களே பூசாரிகள். மண்ணைப் பிசைகிற கைதான் கற்பூரமும் காட்டும். புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்குப் புதுக் குதிரை எடுப்பது என்று ஊர் முடிவெடுத்தால், பெரியவர்கள் நாள் பார்த்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். கான்ட்ராக்ட், ரசீது, கையெழுத்து எல்லாம் அந்த ஒரு பிடிதான். அதை வாங்கிக்கொண்டவர் பின்வாங்கவே முடியாது.

அதற்குப் பிறகு நடப்பதில் சாமிக்கு வேலை குறைவு. கண்மாய் மண் வந்து இறங்கும். வெறும் களிமண் காயும்போது சுருங்கிப் பிளந்துவிடும் என்பதால் மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். எங்கள் ஊர் வேளார் பிசைந்த மண்ணில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து அண்ணத்தில் உரசிப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு கூடை மணல் போடுங்கடா" என்பார். நான் சோதனைக் கூடத்தில் சல்லடை போட்டுச் சலித்துச் சொல்ல வேண்டியதை அவர் நாக்கு சொல்லிவிடும்.

முதலில் நாலு கால்கள். சக்கரத்தில் வராது, கையால்தான். மண்ணைக் கனமான பட்டையாகத் தட்டி, வட்டமாக வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, உள்ளே ஒரு கை கொடுத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி இறுக்குவார். கொஞ்சம் உயர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடியில் இருப்பது முழுக்கக் காய்ந்தால் மேல் மண் ஒட்டாது. ஈரமாக இருந்தால் பாரம் தாங்காது. ஓரத்தில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடருவார். நாலு கால்களையும் வயிறு வந்து சேர்க்கிற இடம்தான் கண்டம். அடியில் முட்டுக் கொடுத்து, மண்ணின் கனத்தைப் போகப் போகக் குறைத்துக்கொண்டே வந்து வளைவை மூடுவார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கழுத்து, தலை, திறந்த வாய், பல்வரிசை, மார்பில் மணி மாலை, சேணம் எல்லாம் அதற்கப்புறம். பார்க்கிறவர்கள் வியப்பது இந்த அலங்காரத்தை. வேளாரைக் கேட்டால், "அதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை, டீச்சரம்மா. வகுறு நின்னுச்சா, குதிரை நின்னுச்சு" என்பார்.

உடம்பில் அங்கங்கே ஓட்டை விட்டிருப்பார். தீ உள்ளே புகுந்து வரவும் ஆவி வெளியே போகவும் அதுதான் வழி. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகும். கனத்த மண்ணுக்குள் சிக்கிய ஈரம் தீயில் திடீரென்று ஆவியானால் கால் வெடித்துச் சிதறிவிடும். உமி இங்கேதான் வேலை செய்கிறது. சூட்டில் அது எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் பொடிப்பொடியான துளைகளாகி ஆவிக்கு வழிவிடுகின்றன. சூடு 500, 600 டிகிரியை எட்டும்போது களிமண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. அதன்பின் எத்தனை மழையில் நனைந்தாலும் அது திரும்பக் களிமண் ஆகாது. மீளா வினை என்று வகுப்பில் நடத்தும்போது பாடப்புத்தகத்து உதாரணத்தை விட்டுவிட்டு நான் இந்தக் குதிரையைத்தான் சொல்வேன்.

பெரிய குதிரையைப் பச்சை மண்ணாகச் சூளைக்குத் தூக்கிப்போக முடியாது. நின்ற இடத்திலேயே அதைச் சுற்றி விறகும் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே மண் பூசி, சூளையைக் குதிரையிடம் கொண்டுவருவார்கள். ஒரு தடவை நான் போயிருந்தபோது நல்ல நேரம் எட்டு மணிக்கு என்று பஞ்சாங்கம் சொன்னது. சரியாக எட்டு மணிக்கு வேளார் தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார், விழுந்து கும்பிட்டார். பற்றவைக்கவில்லை. மேற்கே கொஞ்சம் மேகம் இருந்தது. "நேரம் தப்பிப் போகுதே" என்றார் ஊர்க்காரர் ஒருவர். "நேரம் சாமிக்கு. காத்து சூளைக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறி உட்கார்ந்துவிட்டார். காற்று அடங்கி, மேகம் கலைந்தபின் இருட்டுகிற நேரத்தில்தான் தீ வைத்தார்.

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப்போர் காலத்தில் நியூ கினித் தீவுக்கு அருகே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களைக் கவனித்து எழுதினார். அவர்கள் கடற்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் கிடையாது. அங்கே ஆபத்தில்லை, மீனும் உறுதி. திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள். ஆனால் தோட்டத்துக்கு மந்திரம் போட்டுவிட்டு, களை எடுக்காமல் அவர்கள் படுத்துவிடுவதில்லை. எது எதற்கு என்ற பாகுபாடு அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்கிறார். வேளாருக்கும் தெரிந்திருந்தது. பானை சுடும்போது பெரிய சடங்கு கிடையாது. குதிரை சுடும்போது மட்டும் விரதம், காப்பு, கற்பூரம். கைக்கு எட்டியவரை கை, எட்டாத இடத்துக்குச் சாமி.

பகுத்தறிவு ஒரு பக்கம், மூடநம்பிக்கை ஒரு பக்கம் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவள் நான். வேளார் எந்தப் பக்கமும் சேர மறுத்தார். அவர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இருந்தது. எதற்காகச் செய்கிறார் என்பதற்கு மட்டும்தான் இல்லை.

இல்லாததை நம்பிக் கை வைக்கிற இந்த வழக்கம் நேற்று ஆரம்பித்ததும் இல்லை. தெற்கு ஜெர்மனியில் ஒரு குகையில் 1939இல் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்று உல்ம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனித உடம்பு, சிங்கத் தலை. சுமார் 40,000 ஆண்டுப் பழமை. உயரம் 31 சென்டிமீட்டர். மாமத யானையின் தந்தத்தைக் கல் கருவிகளால் செதுக்கியிருக்கிறார்கள். அதே மாதிரிக் கருவிகளை வைத்து இன்னொன்று செய்து பார்த்தபோது 400 மணி நேரம் அளவுக்குப் பிடித்ததாம். பனியுகத்தில், வேட்டைக்குப் போனால்தான் சாப்பாடு என்ற நிலையில், ஒரு ஆளுக்கு 400 மணி நேரம் சோறு போட்டு, உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பிராணியைச் செய்யச் சொல்லியிருக்கிறது ஒரு கூட்டம். கண்ணால் பார்த்த சிங்கத்தையே செய்திருக்கலாம். இல்லாததைத்தான் கேட்டார்கள்.

எங்கள் அப்பா இதையெல்லாம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் கதையைச் சொல்லியாக வேண்டும். 1953 மே 27 அன்று நடத்துவதாகப் பெரியார் பிள்ளையார் உடைப்புப் போராட்டம் அறிவித்தார். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. அப்பாவும் நண்பர்களும் உடைப்பதற்கு ஒரு பிள்ளையார் வேண்டும் என்று, இப்போதைய வேளாரின் அப்பாவிடம் போய் நின்றிருக்கிறார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியும். மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேரம் பேசி, காசை வாங்கிக்கொண்டு, பிள்ளையாரைச் செய்து கொடுத்திருக்கிறார். குன்றிமணிக் கண் மட்டும் வைக்கவில்லை. "கண்ணு எங்கே?" என்று அப்பா கேட்டதற்கு, "கண்ணு வச்சாத்தான் தம்பி சாமி. இது மண்ணு. நல்லா உடைங்க" என்றாராம். உடைத்தபோது பாதி சந்தோஷம் போய்விட்டது என்று அப்பா கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மண்ணா சாமியா என்ற இதே கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது பலருக்குத் தெரியாது. திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். உடைந்தது வெறும் மண் பொம்மை, உடைத்தவருக்கே சொந்தமான பொருள், குற்றம் ஆகாது என்று கீழ்க்கோர்ட்டில் வழக்குத் தள்ளுபடியானது. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் குறுகலானது என்றது. ஒரு பொருளின் விலை அற்பமாக இருக்கலாம், கோயிலில் பிரதிஷ்டை ஆகாமல் இருக்கலாம். ஒரு பகுதி மக்கள் புனிதமாகக் கருதினால் சட்டம் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. ஆனால் சம்பவம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டதால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஒரு வகையில் பார்த்தால் கீழ்க்கோர்ட்டும் குயவரும் ஒரே கட்சி: அது மண்தான். ஆனால் எந்த நிமிஷம்வரை மண் என்று குயவரிடம் திட்டமான வரையறை இருந்தது. கோர்ட்டிடம் இல்லை.

குதிரைக்கும் அதே கதைதான். வேலை நடக்கும்போது வேளார் அதன் முதுகில் கால் போட்டு உட்கார்ந்து பீடி குடிப்பார். பிள்ளைகள் வயிற்றுக்கடியில் ஒளிந்து விளையாடும். சுட்டு, வெள்ளையடித்து, வண்ணம் தீட்டி, கண் திறந்த பிறகு யாருடைய காலும் படக் கூடாது. வேட்டி கட்டி, மாலை போட்டு, குதிரை செய்த பொட்டலிலிருந்து மேளதாளத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகிறபோது, அதற்குள் எத்தனை கூடை உமி போயிருக்கிறது என்று தெரிந்தவரே அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இதை ஏமாறுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தான் செய்தது என்று தெரிந்துகொண்டே, தன்னைவிடப் பெரியது என்று ஏற்றுக்கொள்கிற ஒரு திறமை அது. கூத்தில் துரியோதனன் விழும்போது அழுகிறவர்களுக்கும், நாவலில் ஒருத்தி செத்ததற்கு மூன்று நாள் முகம் வாடி இருந்த எனக்கும் அந்தத் திறமை இருக்கிறது. அது இல்லாதவருக்குக் கதை எழுதவும் வராது, கதை கேட்கவும் வராது.

மூடநம்பிக்கை இருந்தால் கலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் ஒரு சோதனை செய்தார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகத் தீனி விழும்படி வைத்தார். கொஞ்ச நாளில் ஒரு புறா சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்த காரியத்தைத் தீனிக்குக் காரணம் என்று பிடித்துக்கொண்டன. நம்மவர் பரீட்சைக்குப் போட்டுப்போகிற ராசியான சட்டைதான் இது. புறாவுக்கும் மூடநம்பிக்கை உண்டு. புறா குதிரை செய்யாது. ஒரு புறாவின் சுற்றலை இன்னொரு புறா பார்த்து, அதற்கு ஒரு கதை சொல்லி, அந்தக் கதையை இன்னொன்று மறுத்து, சண்டை போட்டு, கடைசியில் எல்லாம் சேர்ந்து வரி வசூல் செய்து திருவிழா நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. நம்பிக்கையை ஊரே சேர்ந்து சுமக்கும்போதுதான் அதற்குக் கை கால் முளைக்கிறது.

ஊர் சேர்ந்து சுமக்கும்போது வேறு சிலதும் முளைக்கும். குதிரையை யார் தூக்குவது, யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகக் கூடாது என்பதெல்லாம் சாதிக் கணக்கு. சாமி பெயரில் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். அதைவிடக் கொடியதும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அங்குள்ள தர்காவில் வைத்தால் குணமாகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்களை நம்பித்தான் அந்த மாதிரிக் காப்பகங்கள் அங்கே பெருகியிருந்தன. மருந்து இருக்கிற நோய்க்கு மந்திரம் தேடுவது, கடற்கழியில் மீன் பிடிக்கத் திறந்த கடலின் மந்திரத்தைச் சொல்வது மாதிரி. ட்ரோப்ரியாண்ட் மீனவர் அதைச் செய்யவில்லை. நாம் செய்தோம். அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் மேசையைத் தட்டியிருப்பார், நானும் சேர்ந்து தட்டியிருப்பேன்.

மண் குதிரைக்கு வந்திருக்கிற ஆபத்து மட்டும் வேறு மாதிரியானது. அது பகுத்தறிவிலிருந்து வந்திருக்கிறது. மண் குதிரையை யாரும் பராமரிப்பதில்லை. கோயிலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அதன் வேலை முடிந்தது. வெயிலிலும் மழையிலும் அதுபாட்டுக்கு உதிர்ந்து மண்ணோடு போகும்; ஊர் வேறு குதிரை எடுக்கும். புத்திசாலித்தனமாக யோசிக்கிற இளைஞர்கள் கேட்கிறார்கள்: எதற்கு இந்த வீண்செலவு? சிமென்டில் ஒன்று கட்டிவிட்டால் நம் பேரன் காலம்வரை நிற்குமே? கேள்வியில் தப்பே இல்லை. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், விறகு விலை ஏறிவிட்டது, சுடும்போது வெடித்தால் பாடெல்லாம் போச்சு. ஊர் ஊராகச் சிமென்ட் குதிரைகள் எழும்பிவிட்டன. உதிராத குதிரைக்கு மறு குதிரை வேண்டாம். மறு குதிரை வேண்டாம் என்றால், வயிற்று வளைவை மூடுகிற சூட்சுமத்தை வேளார் மகனுக்குச் சொல்லித்தர ஒரு சந்தர்ப்பமும் இல்லை.

ஜப்பானில் இசே என்ற ஊரில் உள்ள ஷிண்டோ கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 2013இல் கட்டியது 62ஆவது. நன்றாக இருக்கிற மரக் கட்டடத்தை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்டால் சாமிக்குப் புது வீடு என்பார்கள். அந்தப் பதில் அறிவுக்கு ஒத்துவருகிறதோ இல்லையோ, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தச்சு வேலை தெரிந்த கைகள் இன்றைக்கும் அங்கே இருப்பதற்கு அதுதான் காரணம்.

கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அது உதிர்கிற மண் குதிரை இல்லை, நிலையாக நிற்பது. அங்கே மாசி மகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலைகள், குதிரையின் உயரத்துக்குச் சமமான நீளத்தில், வேனிலும் காரிலும் வந்து இறங்கும். மாலைக்கு மேல் மாலையாக ஏறிக் குதிரையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நிலைத்து நிற்கிற குதிரையில் செய்வதற்கு வேலை இல்லாததால், வருஷா வருஷம் வீணாகப் போகிற ஒன்றை ஜனங்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றும். காகிதப்பூ கட்டுகிறவர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது. மண் வேலைக்கு அதனால் லாபமில்லை.

எங்கள் ஊரிலும் சிமென்ட் பேச்சு வந்தது. கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எஸ்டிமேட் போட்டு, வெளிநாட்டில் இருக்கிற பையன்களிடம் பணமும் பேசி, எல்லாம் முடிவான மாதிரிதான் இருந்தது. தீர்மானம் போடுகிற அன்றைக்குக் கோயில் வாசலில் சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. "எனக்கு மண் குதிரைதான் வேணும். கல்லு குதிரை ஏற மாட்டேன்" என்று அரிவாளை ஊன்றிச் சொல்லிவிட்டார். எஸ்டிமேட் வைத்திருந்த சிவில் இன்ஜினியர் உட்பட எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாமியாடி வேளாருக்கு மைத்துனர்.

வேளார் மகன் என் மாணவன்தான். அறந்தாங்கியில் செல்போன் கடையில் வேலை, லீவு நாளில் அப்பாவோடு மண் மிதிக்கிறான். கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன்: "ஏப்பா, உங்க மாமா நெஜமாவே அருள் வந்து சொன்னாரா, இல்லை வீட்டுல பேசிவச்சுச் சொன்னாரா?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குறீங்க? சாமிக்குத் தெரியாம மாமா பேசுவாரா?" என்றான், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல்.

வருகிற வெள்ளிக்கிழமை பிடிமண். இரண்டு குதிரை, ஒரு காளை. உமிக்கு மட்டும் இன்னும் ஆள் பிடிபடவில்லையாம். ரைஸ்மில்காரர்கள் இப்போதெல்லாம் உமியைச் செங்கல் சூளைக்கு மொத்தமாக விற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச மில்லு ஏதாச்சும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் மில் வைத்திருக்கிறார், அவரும் கறுப்புச் சட்டைதான். நம்பரைக் கொடுத்தேன்.